துணைக்கு ஒரு கோழி

சாயங்காலப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்த கிராணி தம்பிராஜா "நல்லசாமி" என்று கூப்பிட்டார். "வந்தேங்கய்யா" என்று பதில் வந்தது. கிராணி அடுத்த பெயருக்குப் போனார். அதற்கும் அடுத்த பெயரைப் பாதி சொன்னவர், வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

நல்லசாமியைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை.

கூப்பிட்டது கிராணியின் தப்புதான். ரப்பர்த் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி வந்த நாளிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில் அத்தனை பேரையும் கேட் அருகே நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே சங்கிலி போடுவது வழக்கம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் நாக்குக்கு வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. செத்தவனுக்காக நின்று தாண்டிப் போக அந்த நாக்குக்கு இன்னும் பழக்கமில்லை. ஆனால் கூப்பிட்டதற்கு ஒரு பதில் வந்ததே, அது யார் தப்பு? கூட்டம் முழுவதும் ஒரே திசையில் திரும்பியது. அமிர்தலிங்கம் நின்ற திசையில்.

அவனும் திரும்பினான். அவனுக்குப் பின்னால் வேலி. வேலிக்குப் பின்னால் பால்மரங்கள்.

"ஓய் அமிர்தலிங்கம்," கிராணியின் யாழ்ப்பாணக் குரல் நடுங்கியது. "செத்த பெடியனை வைச்சும் பகிடியோ? உமக்கு நெஞ்செண்டு ஒண்டு இருக்கோ?"

"சத்தியமா நான் இல்லீங்கய்யா. வாயே தெறக்கல."

"பின்னை ஆர்? உம்மை விட்டா இஞ்சை அந்தக் குரலிலை கதைக்கிறவன் ஆர்?"

நியாயமான கேள்விதான். அமிர்தலிங்கத்தின் தொழில் மரம் சீவுவது. பிழைப்பு அடுத்தவன் குரல். துரையின் மூக்குப் பேச்சு, வேலை வாங்கும் மண்டோர் சன்னாசியின் இருமல், லுக்குட் டவுனிலிருந்து அரிசி ஏற்றி வரும் லாரி மேட்டில் திணறும் முக்கல், எல்லாம் அவன் தொண்டையில் குடியிருந்தன. வாடகை எதுவும் கொடுத்ததில்லை.

"விடுங்கய்யா," என்று சன்னாசி காறித் துப்பினார். "நாய் வாலு."

அமிர்தலிங்கம் தன் இடது காதைத் தடவிக்கொண்டான். பதில் வந்தபோது அது தன் இடது காதுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளிக் கேட்டதையும், கூடவே ஈர லாலான் புல்லின் வாடை வந்ததையும் யாரிடம் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

'சனிக்கிழமைச் சிரிப்பு' துரையின் யோசனை. துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்கு அரிசி போகக்கூடாது என்று மலையோரத்து லயங்களையெல்லாம் பெயர்த்து ஒரே இடத்தில் குவித்து வேலி போட்டாயிற்று. அப்புறம்தான் துரைக்கு ஒரு கவலை வந்தது. கேட் மூடிய பிறகு ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஒருவேளை சிந்திப்பார்கள். அதைத் தடுக்க ஒரு மைக்கும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வாங்கினார். சோற்றுக் கொட்டகைக்கு முன்னால் பலகை மேடை. தீபாவளி வரைக்கும் சனிக்கிழமை தோறும் துண்டு துண்டாகச் சிரிப்பு நாடகம். ஒத்திகை கிடையாது, திரை கிடையாது, தப்பினால் தப்பியதுதான். ஒரு ஸ்பீக்கர் லயத்தைப் பார்த்து இருந்தது. இன்னொன்றைக் காவல்காரர்களும் சிரிக்கட்டும் என்று கேட் கம்பத்தின் உச்சியில் கட்டினார்கள்.

நாடகத்துக்கு இரண்டே பேர்: அமிர்தலிங்கமும் நல்லசாமியும். ஜனங்களுக்கு மிகவும் பிடித்தது 'துரையும் கொசுவும்'. தொப்பியும் லாலான் புல் மீசையுமாக அமிர்தலிங்கம் துரை. நல்லசாமி கொசு. கொசு சுற்றிச் சுற்றிப் பாடும். துரை கைத்தடியைத் துப்பாக்கி மாதிரித் தூக்கி, ஒரு கண்ணை மூடிக் குறி பார்ப்பார். கொசு மேடைக்குப் பின்னால் ஓடி மண்ணெண்ணெய்த் தகரத்தில் 'டம்' என்று ஒன்று போடும். அந்த 'டம்'முக்காகவே பிள்ளைகள் தூங்காமல் காத்திருக்கும்.

நல்லசாமி செத்த அந்தச் சனிக்கிழமை மீசை சரியில்லை.

"கோழி றெக்கை மாதிரி இருக்குடா," என்று அமிர்தலிங்கம்தான் சொன்னான். "நல்ல லாலானா பாத்துப் பிடுங்கிட்டு வா. பெரட்டுக்குள்ள வந்துடு."

பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது நல்லசாமி வந்திருக்கவில்லை. ஒரு பெயர் குறைந்தால் கேட் திறந்தே இருக்கும். ஆட்கள் தேடப் போவார்கள். துரை கோபத்தில் மைக்கைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவார். ஒதுங்கப் போனவனுக்குப் பக்கத்திலிருப்பவன் குரல் கொடுப்பது அங்கே சகஜம். அமிர்தலிங்கம் மட்டும் அந்தந்த ஆளின் குரலிலேயே கொடுப்பான். அன்றைக்கும் கொடுத்தான். "வந்தேங்கய்யா." கிராணி தலையாட்டினார். சங்கிலி விழுந்தது. எங்காவது நுழைந்து வந்துவிடுவான், கொசுவாயிற்றே என்று நினைத்துக்கொண்டு மேடை ஏறினான்.

கொசு இல்லாமலே கொசு நாடகம் நடந்தது. தானே ரீங்காரம் போட்டான், தானே துரத்தினான். கைத்தடியைத் தூக்கிக் குறி பார்த்தான். தகரம் அடிக்க ஆள் இல்லையே என்று நினைத்த அந்த நொடியில், இருட்டிலிருந்து, அச்சாகச் சரியான இடத்தில், 'டம்'.

அந்த வருஷத்திலேயே பெரிய சிரிப்பு அதுதான். பயல் வந்துட்டான் என்று அமிர்தலிங்கமும் சிரித்தான்.

விடிந்ததும் கேட்டைத் திறக்கப் போனவர்கள் பார்த்தார்கள். நல்லசாமி வெளிப்பக்கமாகக் கம்பியில் விரல்களைக் கோத்தபடி முழங்கால் போட்டிருந்தான். சட்டைப் பையில் லாலான் புல். வாய் திறந்திருந்தது. இருட்டில் கேட்ட அந்த 'டம்' காட்டுக்காரன் சுட்டது என்றார்கள் சிலர். காவல்காரர்களைச் சொல்ல நினைத்தவர்கள் சொல்லவில்லை. அவன் எவ்வளவு நேரம் கூப்பிட்டானோ. குழாய் ஸ்பீக்கர் அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது.

சனிப் பிணம் தனிப் போகாது என்பார்கள். சனிக்கிழமை போன உயிர் துணைக்கு இன்னொன்றைக் கூப்பிடும். அதனால் பாடையில் ஒரு கோழிக் குஞ்சைக் கட்டி அனுப்பிவிடுவது. நல்லசாமியின் பெண்டாட்டி வள்ளியம்மா அழுதுகொண்டே ஒரு குஞ்சைப் பிடித்து வந்தாள். கேட்டில் ஸ்பெசல் கான்ஸ்டபிள் ஆறுமுகம் கையை நீட்டித் தடுத்தான்.

"கோழி போகக் கூடாதுலா."

"பொணத்தோட போற கோழிய்யா அது," என்றார் சன்னாசி.

"பொணம் போகலாம். கோழி சாப்பாட்டுச் சாமான். வெளிய போனா காட்டுக்காரன் சூப்பு வச்சிருவான். எனக்கு வேலை போயிரும்."

"அப்ப ஒரு முட்டை?"

"முட்டையும் சாப்பாடுதானே மண்டோரே."

"தேங்கா?"

ஆறுமுகம் பாவமாகப் பார்த்தான். பாடை கேட்டில் நின்றது. யாருக்கும் பேச்சு வரவில்லை. அமைதி என்றால் அமிர்தலிங்கத்துக்கு ஆகாது. அரிப்பு மாதிரி தொண்டையில் ஏறும். சொரியாமல் இருக்க முடியாது. பாடைக்குப் பின்னால் நின்றபடி, உதடு அசையாமல், நல்லசாமியின் குரலில் சொன்னான்:

"கோழி எதுக்குலா? அதான் அமிர்தம் வரான்ல."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெண்கள் ஓங்கி அழுதார்கள். வள்ளியம்மா மட்டும் அழுகையை நிறுத்தி, பாடையில் கிடந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு பாடை கோழியில்லாமல் போயிற்று.

மறுநாள்தான் கிராணியின் நாக்குத் தவறியது.

அதற்கடுத்த நாள் அவர் கவனமாக நல்லசாமியைத் தாண்டினார். முந்தின பெயருக்கும் பிந்தின பெயருக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டார், மரியாதைக்கு. அந்த இடைவெளியில், மெதுவாக, இடது காதுக்குப் பின்னால்: "வந்தேங்கய்யா." இந்த முறை வேறு யாரும் திரும்பவில்லை. லாலான் வாடை மட்டும் அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு லயம் வரைக்கும் கூட வந்தது, குளித்தும் போகவில்லை.

காலையில் மரம் சீவும்போது அடுத்த நிரையில் இன்னொரு கத்தியின் சத்தம் கேட்டது. பட்டையின் ஈரத்தில் கத்தி இறங்கும் அந்தச் 'சர்ர்' அவனுக்குத் தாலாட்டு மாதிரிப் பழக்கம்தான், ஆனால் இது அவன் சீவும்போது சீவியது, அவன் நிறுத்தினால் நிறுத்தியது, அவன் பால் பிடிக்கும் மங்கைத் துடைத்தால் எங்கோ ஒரு மங்கு துடைபட்டது. அடுத்த நிரை நல்லசாமியின் நிரை. இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நான்கைந்து மரம் அப்படிக் கூடவே வந்த பிறகு, தைரியத்துக்காக, நண்பனைக் கேலி செய்வதுபோல நல்லசாமியின் குரலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. துரை வந்தார், சன்னாசி இருமினார், லாரி மேடு ஏறியது. நல்லசாமி இருந்த இடத்தில் மட்டும் வெறும் காற்று. குடியிருந்தவன் வீட்டைக் காலி செய்துவிட்டான்.

வியாழக்கிழமை பெரட்டில் கிராணி "அமிர்தலிங்கம்" என்றார். அவன் வாயைத் திறந்தான். திறப்பதற்குள், மயிரிழை முன்னதாக, "வந்தேங்கய்யா" என்று அவன் குரல் கேட்டது. நான்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டான். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கிராணியின் ஆபீஸ் வாசலில் போய் நின்றான். "ஐயா, இந்தச் சனிக்கிழமை வேணாங்கய்யா. தொண்டை சரியில்ல."

"துரை சொல்லிப்போட்டார், நடத்தத்தான் வேணுமாம். நிப்பாட்டினா காட்டுக்காரனுக்குப் பயந்திட்டமெண்டு அர்த்தமாம்." தம்பிராஜா குரலைத் தணித்தார். "ஆடாட்டி பொலிசுக்காரர் உம்மைப் பிடிச்சு விசாரிப்பினம் அமிர்தலிங்கம். நல்லசாமி ஏன் வெளியிலை நிண்டவன் எண்டு ஏற்கெனவே கேட்டவை. உள்ளை இருக்கிறன் எண்டு அவன்ரை குரல் எனக்குச் சொன்னது. நான் அதை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. விளங்குதோ?"

விளங்கியது.

லயத்துக்குத் திரும்பும்போது வள்ளியம்மா குழாயடியில் நின்றிருந்தாள். கையில் மூடிய கூடை.

"தம்பி, அன்னைக்குப் பெரட்டுல அவரு கொரல் கேட்டுச்சு. உள்ளதான் இருக்காருன்னு சோறு வாங்கி மூடி வச்சேன்."

"அண்ணி..."

"எனக்குத் தெரியும். திட்டல. ஆனா அவரு போக மாட்டேங்குறாரு. வேலியோரம் நடந்துக்கிட்டே இருக்காரு, தெனமும். நீதானே தொணைக்கு வரேன்னு சொன்ன. அவரு கொரல்லயே சொன்ன." கூடையை அவன் கையில் வைத்தாள். உள்ளே ஏதோ கீச்சென்றது. "நாளைக்குச் சனி. பொழுது எறங்கறதுக்குள்ள இதக் கொண்டு குடுத்துரு. இல்லேன்னா சொன்ன ஆளுதான் போவணும்."

சனிக்கிழமை பிற்பகல் வானம் கறுத்து இறங்கியிருந்தது. மழைக்கு முன்னால் மங்குகளைக் கவிழ்க்க ஆட்கள் போவது உண்டு. அமிர்தலிங்கம் குஞ்சைத் தலையில் வைத்து, அதன்மேல் துரை வேஷத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டுக்கு வந்தான். ஆறுமுகம் இடுப்பைத் தடவினான், கையிலிருந்த பால் வாளியைக் குனிந்து பார்த்தான். குஞ்சு கீச்சிட்டது. உடனே அமிர்தலிங்கத்தின் தொண்டையிலிருந்து சன்னாசியின் இருமல். மறுபடி கீச். மறுபடி இருமல், இந்தத் தடவை காறலோடு.

ஆறுமுகம் விழுந்து விழுந்து சிரித்தான். "போலா போ. பெரட்டுக்குள்ள வந்துடு. நீ இல்லாட்டி எங்களுக்குச் சிரிப்பு ஏது?"

இடுகாடு தோட்டத்தின் கோடியில், புக்கிட் பெலண்டோக் ஊர்ப் பக்கம் போகும் செம்மண் பாதையை ஒட்டி. நல்லசாமியின் மேட்டில் யாரோ நட்ட குச்சி ஒன்று சாய்ந்திருந்தது. குஞ்சின் காலில் வெள்ளை நூலைக் கட்டி, மறுமுனையைக் குச்சியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான். சொந்தக் குரலில்தான் பேசினான். அது கரகரவென்று, பாதி காற்றாக வந்தது.

"இந்தாடா. தொணை. வேணும்னு செய்யல. என்னை விட்டுடு."

குஞ்சு சத்தம் போடவில்லை. தலையைச் சாய்த்து, அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

மழை முதலில் இலைகளுக்கு மேலே வந்தது. கூரை மாதிரி வேய்ந்திருந்த இலைகளில் அது இறங்கி இறங்கிக் கீழே வந்து சேர்வதற்குள் மரங்களுக்கு அடியில் பொழுது அணைந்துவிட்டது. பாலின் புளித்த வாடையும் மக்கிய இலையின் வாடையும் எழுந்தன. அவற்றுக்கு அடியில் மெல்லிசாக லாலான். தொப்பியை அழுத்திக்கொண்டு நடந்தான். அடுத்த நிரையில் யாரோ நடந்தார்கள். நின்றான். நின்றார்கள். மழையில் யாரும் மரம் சீவ மாட்டார்கள். 'சர்ர்' என்றது.

ஓடினான்.

பெரட்டு மணி அடித்தது. மழை இரைச்சலுக்காகக் கிராணி இன்று மைக்கில் பெயர் கூப்பிட்டார் போலிருக்கிறது. கேட் கம்பத்து ஸ்பீக்கரிலிருந்து பெயர்கள் மரங்களுக்குள் வந்து விழுந்தன. சன்னாசி. வந்தேன். முத்தாயி. வந்தேங்கய்யா. வேர் தடுக்கி விழுந்தான். எழுந்தான். கேட்டின் விளக்கு தெரிந்தது. சங்கிலி இன்னும் போடவில்லை. ஓடிவிடலாம்.

"அமிர்தலிங்கம்."

"வந்தேங்கய்யா!" என்று கத்தினான்.

காற்று வந்தது. வெறும் காற்று.

ஸ்பீக்கர் ஒரு கணம் கொரகொரத்தது. பிறகு தெளிவாக, கொஞ்சம் உற்சாகமாகவே, அவன் குரலில் சொன்னது: "வந்தேங்கய்யா."

யாரோ சிரித்தார்கள். சங்கிலி விழுந்தது.

கம்பியில் வந்து மோதினான். விரல்களைக் கோத்து உலுக்கினான். ஆறுமுகம் மழைக்கு ஒதுங்கிக் கொட்டகைப் பக்கம், மேடையைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றான். கூப்பிடும் தூரம்தான். கூப்பிடத்தான் குரல் இல்லை. துரை வரவில்லை, சன்னாசி வரவில்லை, லாரிகூட வரவில்லை. தலைக்கு மேலே ஸ்பீக்கர் முழங்கியது. "எல்லாருக்கும் வணக்கம்! சனிக்கிழமைச் சிரிப்பு!" அவன் எப்போதும் சொல்கிற மாதிரியே. அந்த இடத்தில் எப்போதும் விடுகிற மூச்சோடு.

லயங்களுக்கு நடுவே நேராகப் பாதை. பாதையின் கோடியில் காஸ் விளக்கு. விளக்கடியில் மேடை.

மேடையில் அவன் நின்றான்.

அவன் சட்டை. அவன் தொப்பி. மூக்குக்கடியில் மீசை, பச்சையாக, இப்போதுதான் பிடுங்கியதுபோல மண்ணோடு. அவனைச் சுற்றி இன்னொருவன் கைகளை விரித்து ரீங்காரம் போட்டபடி ஆடினான். அந்த ஆட்டத்தை அமிர்தலிங்கம் எங்கேயும் அடையாளம் கண்டுகொள்வான். முகம் மட்டும் வெளிச்சத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் சிரித்தது. சன்னாசி சிரித்தார். கிராணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வள்ளியம்மா மட்டும் சிரிக்காமல் ஆடுகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெற்றியில் ஈரமாக ஏதோ ஊர்ந்தது.

தொட்டான். நூல். வெள்ளை நூல். தொப்பிக்குள்ளிருந்து தொங்கியது.

இரண்டு முடிச்சு அப்படியே இருந்தது.

தொப்பி மெல்ல அசைந்தது. கீச்.

மேடையில் இருந்தவன் கைத்தடியைத் தோளுக்கு உயர்த்தினான். ஒரு கண்ணை மூடினான். தடியின் நுனி கொசுவைத் தேடித் தேடி, மெதுவாக, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே நகர்ந்து, பாதை நெடுகிலும் வந்து, கேட்டில் நின்றது. ஆடிக்கொண்டிருந்தவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தகரம் இருக்கும் இருட்டை நோக்கிப் போனான்.

முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சிரிக்கத் தயாராக.